ட்ராக் டேக்கு வீலும் டயரும் எடுக்கறீங்களா? டயர்ல இருந்து ஆரம்பிங்க

ட்ராக் டேக்குன்னு, அதாவது சொந்தக் கார ரேஸ் ட்ராக்குக்கு கொண்டு போய் ஓட்டற நாளுக்குன்னு, தனியா ஒரு செட் வீல் வாங்கணும்னு முடிவு பண்ணதும் நிறைய பேர் முதல்ல பாக்கறது ரிம் டிசைனத்தான். எத்தனை ஸ்போக், என்ன கலர், எத்தனை இன்ச்னு பாத்து ஆசைப்பட்டு வாங்கிட்டு, அதுக்கப்புறம்தான் இந்த ரிம்முக்கு எந்த டயர் கிடைக்கும்னு தேட ஆரம்பிப்பாங்க. இத அப்படியே தலைகீழா பண்ணணும். கார்ல தரையத் தொடுறது டயர் மட்டும்தான், ஒவ்வொரு வீலுக்கும் கிட்டத்தட்ட ஒரு கை அகல ரப்பர், பிரேக் புடிக்கறது திரும்பறது ஆக்சிலரேட்டர் மிதிக்கறது எல்லாமே அதுக்குள்ள அடக்கம். அதனால எந்த வகை டயர்னு முதல்ல முடிவு பண்ணுங்க, அப்புறம் அந்த டயர் என்னென்ன சைஸ்ல வருதுன்னு பாருங்க, கடைசியா அந்த சைஸுக்கு ஏத்த வீல தேடுங்க.

வகைன்னு பாத்தா நாலு படி. அடிப்படில ரோட்டுக்குன்னு செஞ்ச நல்ல சம்மர் டயர், மிச்சலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் மாதிரி. அதுக்கு மேல ட்ராக் ஆளுங்க "200 டயர்"னு சொல்ற கூட்டம், பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்சா ஆர்இ-71ஆர்எஸ், யோகோஹாமா அட்வான் ஏ052, ஃபால்கன் அசெனிஸ் ஆர்டி660, ஹான்கூக் வென்டஸ் ஆர்எஸ்4 எல்லாம் இதுல வரும். மூணாவது செமி ஸ்லிக், பட்டன் (டயர் மேல இருக்கற ரப்பர் கட்டம்) ரொம்ப கம்மியா இருக்கறது, டோயோ ஆர்888ஆர், மிச்சலின் பைலட் ஸ்போர்ட் கப் 2 மாதிரி. நாலாவது பட்டனே இல்லாத ஃபுல் ஸ்லிக், அது ரோட்டுல ஓட்டறதுக்கே இல்ல, கார ட்ரெய்லர்ல ஏத்திட்டு வர்றவங்களுக்கு மட்டும்.

அந்த 200ங்கறது என்னன்னா ட்ரெட்வேர் நம்பர், அமெரிக்காவோட தர விதிப்படி டயர் பக்கவாட்டுல அச்சடிச்சிருப்பாங்க. ஒரு அளவுகோல் டயர 100னு வச்சுக்கிட்டு 640 கி.மீ. சுத்துப்பாதையில மொத்தம் 11,500 கி.மீ. வரைக்கும் ஓட்டி எவ்வளவு தேயுதுன்னு பாத்து போடற நம்பர். பைலட் ஸ்போர்ட் 4எஸ் 300, ஆர்888ஆர் 100, ரேஸுக்குன்னே வர்ற ஹூசியர் ஆர்7 வெறும் 40. ஆனா ஒண்ணு, இத டெஸ்ட் பண்ணி நம்பர் போடறது அந்தந்த கம்பெனியேதான், அதனால ரெண்டு வேற கம்பெனியோட 200ஐ பக்கத்துல வச்சு ரெண்டும் ஒரே அளவு தேயும்னு நினைக்கக்கூடாது. நிறைய போட்டிகள்ல 200க்கு கீழ போகக்கூடாதுன்னு விதி வச்சதும் கம்பெனிக்காரங்க அந்த நம்பருக்குள்ளயே எவ்வளவு கிரிப் திணிக்க முடியுமோ அவ்வளவும் திணிச்சிட்டாங்க, இன்னிக்கு வர்ற நல்ல 200 டயர் சில செமி ஸ்லிக்குக்கு பக்கத்துல போயிடும்.

சரி, எத எடுக்கறது? இதுவரைக்கும் அஞ்சாறு ட்ராக் டேக்கு கம்மியா போயிருக்கீங்கன்னா நல்ல சம்மர் டயர்லயே ஆரம்பிங்க, இத நான் ரொம்ப அழுத்தமா சொல்றேன். ரோட்டு டயர் கிரிப் விடறதுக்கு முன்னாடி கத்தும், மெதுவா நழுவ ஆரம்பிக்கும், நீங்க எங்க தப்பு பண்றீங்கன்னு காதுக்கும் இடுப்புக்கும் சொல்லும், சரி பண்ணிக்க நேரமும் குடுக்கும். செமி ஸ்லிக் உங்க தப்பை எல்லாம் கிரிப்ப வச்சு மூடி மறைச்சிடும், அது விடறப்ப நீங்க இன்னும் அதிக ஸ்பீட்ல இருப்பீங்க, சட்டுனு விடும். இன்னொரு பக்கம், கிரிப் கூடினா கார்ல மத்த எல்லாத்துக்கும் பாரம் கூடும். பிரேக் அதிகமா சூடாகும், வீல் பேரிங் சீக்கிரம் போகும், நீளமான கார்னர்ல ஆயில் எல்லாம் ஒரு பக்கமா ஒதுங்கி பம்ப்புக்கு எட்டாம இன்ஜினுக்கே ஆபத்து வரலாம். அதனால பிரேக் பேட், பிரேக் ஃப்ளூயிட் மாத்தாம டயர மட்டும் ரெண்டு படி ஏத்தாதீங்க.

ஓட்டறது கைக்கு வந்ததுக்கப்புறம் 200 வகைக்கு போங்க, ட்ராக் டேக்கு வர்றவங்கள்ல முக்கால்வாசி பேருக்கு அதுக்கு மேல தேவையே இல்லன்னுதான் என் கருத்து. அந்த வகைக்குள்ளயும் குணம் வேற வேற. ஏ052 சீக்கிரம் சூடேறி முதல் ரெண்டு மூணு லேப் பிரமாதமா புடிக்கும், ஆனா 20 நிமிஷ செஷன் முழுக்க விடாம அடிச்சா சூடு தாங்காம கொழகொழன்னு ஆயிடும், சீக்கிரமும் தேயும், அது ஒரே ஒரு வேகமான லேப்புக்கான டயர். ஆர்எஸ்4 அதுக்கு எதிர், உச்சபட்ச கிரிப் கொஞ்சம் கம்மி, ஆனா நாள் முழுக்க ஓட்டினாலும் ஒரே மாதிரி இருக்கும், நீண்ட நாள் வரும், கத்துக்கறவங்களுக்கு இந்த ஒரே மாதிரி இருக்கற குணம் தங்கம் மாதிரி, ஏன்னா லேப் டைம் மாறினா அது உங்களாலயா டயராலயான்னு குழப்பம் வராது. ஆர்இ-71ஆர்எஸ் இந்த ரெண்டுக்கும் நடுவுல.

எந்த டயரா இருந்தாலும் பக்கவாட்டுல இருக்கற நாலு இலக்க தேதிய பாக்காம வாங்காதீங்க, 2324ன்னு இருந்தா 2024ஓட 23வது வாரம் செஞ்சது. பட்டன் நிறைய இருக்கு ஆனா வயசாயிடுச்சுங்கற டயர் ட்ராக்ல கட்டை மாதிரி இருக்கும். ஆல் சீசன் டயர் ட்ராக்குக்கு வேணாம், அதோட பட்டன் உயரமா, சின்னச் சின்னதா வெட்டுப்பட்டு இருக்கும், சூடுல நெளிஞ்சு துண்டு துண்டா பிஞ்சு வரும். ரன்ஃப்ளாட்டும் (காத்து போனாலும் கொஞ்ச தூரம் ஓடற டயர்) வேணாம். இன்னொரு விஷயம், புத்தம்புது டயரும் ட்ராக்குக்கு அவ்வளவு உகந்தது இல்ல. ரோட்டு டயர் புதுசுல கிட்டத்தட்ட 8 மி.மீ. பட்டனோட வரும், அந்த உயரம் கார்னர்ல நெளியும், நெளிஞ்சா சூடாகும், அதனால ரோட்டுல ஓட்டி 5 மி.மீ. கிட்ட வந்த டயர் காஞ்ச ட்ராக்ல புதுசை விட நல்லாவே நடந்துக்கும். மழை பெய்ஞ்சா இந்தக் கணக்கு அப்படியே மாறிடும், அப்ப பட்டன் ஆழம்தான் தண்ணிய வெளிய தள்ளும், தேய்ஞ்ச செமி ஸ்லிக்கோட ஈர ட்ராக்ல இறங்கறத விட அந்த செஷன விட்டுட்டு உக்காந்திருக்கலாம்.

இப்ப சைஸ். 245/40ஆர்18 93டபிள்யூன்னா அகலம் 245 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அந்த அகலத்துல 40 சதவீதம் அதாவது 98 மி.மீ., ரிம் 18 இன்ச், 93ங்கற லோடு நம்பருக்கு ஒரு டயர் 650 கிலோ தாங்கும், டபிள்யூன்னா மணிக்கு 270 கி.மீ. வரைக்கும், ஒய்னா 300. லோடு நம்பர் கார் கம்பெனி குடுத்தத விட கீழ போகவே கூடாது. மொத்த விட்டம் கண்டுபிடிக்க ரிம் இன்ச்ச 25.4ஆல பெருக்கி ரெண்டு பக்கச்சுவரையும் கூட்டுங்க. உங்க கார்ல 225/45ஆர்17 இருக்குன்னா அது 634 மி.மீ., அகலப்படுத்தி 255/40ஆர்17 போட்டா 636, வித்தியாசம் ரெண்டு மி.மீ.க்குள்ளதான், கியர் கணக்கும் ஸ்பீடோமீட்டரும் ஏபிஎஸ்ஸும் அப்படியே இருக்கும். நாலு வீல் டிரைவ் கார்னா நாலு டயரோட சுத்தளவும் ஒண்ணுக்கொண்ணு கம்பெனி சொல்ற அளவுக்குள்ள இருக்கணும், பட்டன் தேய்மானத்தையும் சேத்துதான், இல்லன்னா நடு டிஃப்பரென்ஷியல் எப்பவும் உழைச்சுக்கிட்டே இருந்து சூடாகி கெட்டுப்போகும்.

அகலமான டயர ஒல்லி ரிம்முல திணிக்கறது நிறைய பேர் பண்ற தப்பு. 245/40ஆர்17க்கு 8ல இருந்து 9.5 இன்ச் வரைக்கும் ரிம் போடலாம்னு இருக்கும், ரோட்டுக்கு எதுவும் ஓகே, ஆனா ட்ராக்குக்கு 9, இல்லன்னா 9.5 எடுங்க. ரிம் அகலமா இருந்தாதான் பக்கச்சுவர் நேரா நிக்கும், திருப்பும்போது டயர் புரண்டு தோள்பட்டைல ஏறாது. 8 இன்ச் ரிம்முல 245 போடறத விட அதே ரிம்முல 225 போடறது பல நேரம் ஸ்டியரிங்ல நல்லா இருக்கும்.

ரிம் இன்ச்ச பொறுத்தவரை, பிரேக் காலிப்பர் (டிஸ்க்க கவ்விப் புடிக்கற பாகம்) உள்ள அடங்கற மாதிரி எவ்வளவு சின்னதா போக முடியுமோ அவ்வளவு போங்க. 18க்கு பதில் 17 போட்டா டயர் விலை இறங்கும், எடை இறங்கும், பக்கச்சுவர் கொஞ்சம் உயரமா இருக்கறதால கெர்ப் (ட்ராக் ஓரத்துல இருக்கற மேடு) மேல ஏறி இறங்கறப்ப ரிம் அடி வாங்காது. பார்வைக்கு பெருசா இருக்கணும்னு 19 போடறவங்களுக்கு ட்ராக்ல அதனால ஒரு பிரயோஜனமும் இல்ல. முன்னாடி பின்னாடி ஒரே சைஸ் போட முடிஞ்சா போடுங்க, நாலையும் மாத்தி மாத்தி சுத்தி விட்டு சமமா தேய்க்கலாம், ஒல்லி முன் டயரால மூக்கு வெளிய தள்ளற பிரச்சினையும் குறையும். போர்ஷே 911 மாதிரி இன்ஜின் பின்னாடி இருக்கற காருக்கு இது பொருந்தாது, அதுக்கு பின் டயர் அகலமாத்தான் இருக்கணும்.

வீல் பொருந்தறதுக்கு நாலு அளவு வேணும், பிசிடி, நடு ஓட்டை விட்டம், அகலம், ஆஃப்செட். பிசிடின்னா போல்ட் எத்தனை, அதுங்க எத்தனை மி.மீ. விட்ட வட்டத்துல இருக்குங்கறது, அது பொருந்தலன்னா ஏறவே ஏறாது, டொயோட்டா ஜிஆர்86 5×100, மஸ்டா எம்எக்ஸ்-5 புது மாடல் 4×100, போர்ஷே 911 5×130, இப்படி காருக்கு கார் மாறும். நடு ஓட்டை ஹப்ப (கார்ல வீல் மாட்டற நடுப்பகுதி) விட பெருசா இருந்தா நடுவுல வளையம் போடணும், அது அலுமினியமா இருக்கட்டும், ட்ராக் பிரேக் சூட்டுல பிளாஸ்டிக் வளையம் உருகி ஒட்டிக்கும். மக்கள் குழம்பறது ஆஃப்செட்லதான், ஈடின்னு போட்டு மி.மீ.ல இருக்கும், வீலோட நடுக்கோட்டுல இருந்து ஹப்புல ஒட்டற முகம் எவ்வளவு வெளிப்பக்கம் தள்ளி இருக்குன்னு அர்த்தம். நம்பர் கூடக் கூட வீல் உள்ள போகும்.

ஜிஆர்86ஐயே எடுத்துக்கங்க, கம்பெனி வீல் 7.5 இன்ச் அகலம், ஈடி 48. 7.5 இன்ச்னா 190.5 மி.மீ., பாதி 95. வெளிப்பக்கம் 95ல 48 போக 47 மி.மீ., உள்பக்கம் 95ம் 48ம் சேத்து 143. இப்ப 9 இன்ச் ஈடி 45 போடறீங்கன்னா பாதி 114, வெளிய 69, உள்ள 159. ஆக வெளிய 22 மி.மீ. தள்ளும், உள்ள 16 மி.மீ. போகும். உங்க பழைய வீல மாட்டி வச்சுக்கிட்டு உள்பக்கம் ஷாக் அப்சார்பருக்கு எவ்வளவு இடம் இருக்கு, வெளிப்பக்கம் ஃபெண்டருக்கு எவ்வளவு இருக்குன்னு அளந்து இந்தக் கணக்க போட்டுப் பாத்தா பாதி சந்தேகம் அங்கயே தீர்ந்துடும். ரிம் அகலம் மட்டும் இல்லாம டயரும் கொஞ்சம் துருத்தும், ஸ்டியரிங் முழுசா ஒடிச்சும் பாக்கணும், ட்ராக்ல சஸ்பென்ஷன் அமுங்கறது ரோட்ட விட ரொம்ப அதிகம், நின்னுட்டு இருக்கறப்ப இடிக்கலங்கறத மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க. காலிப்பருக்கும் ஸ்போக்குக்கும் நடுவுல குறைஞ்சது 3 மி.மீ. இடம் வேணும், அதே மாதிரி உள்ள ஒட்டற பேலன்ஸ் வெயிட்டு காலிப்பர்ல உரசுதான்னும் பாருங்க. அந்த வெயிட்டு மேல அலுமினிய டேப் ஒட்டிடுங்க, சூட்டுல பசை விட்டு பறக்கறது ரொம்ப சாதாரணமா நடக்கும்.

வீல் எப்படி செஞ்சதுங்கறதும் முக்கியம். அச்சுல வார்த்தது, வார்த்துட்டு ரிம் பகுதிய சூடா சுழற்றி உருட்டி நீட்டினது, மொத்தமா ஃபோர்ஜ் பண்ணதுன்னு (உலோகத்த பலமா அழுத்தி உருவாக்கினது) மூணு வகை. நடுவுல இருக்கறது ட்ராக்குக்கு நல்ல சமரசம், என்கெய் ஆர்பிஎஃப்1 இப்படி செஞ்சதுதான், எடையும் கம்மி விலையும் நியாயம். ஃபோர்ஜ்டு கைக்கு எட்டினா எடுங்க, ஜப்பானோட ரேய்ஸ் (Rays) கம்பெனி செய்யற டிஇ37 1996ல வந்ததுல இருந்து இன்னிக்கு வரைக்கும் ட்ராக்ல பாக்கறோம்னா காரணம் இருக்கு, அந்த 37ங்கறதே 15 இன்ச் வீலோட 3.7 கிலோ எடையத்தான் குறிக்குது. ஆனா எடை எடைன்னு அலைஞ்சு பேர் தெரியாத நகல் வீல வாங்கிடாதீங்க, கார்னர்ல கெர்ப் அடிக்கறப்ப லேசா இருக்கற வீல விட உடையாத வீல்தான் வேணும். ஜேடபிள்யூஎல், விஐஏ, டியூவி மாதிரி தரச் சோதனை முத்திரை இருக்கான்னு பாருங்க, வீல் எவ்வளவு பாரம் தாங்கும்னு பின்னாடி எழுதியிருக்கான்னும் பாருங்க. டயர் எடையையும் மறந்துடாதீங்க, ஒரே சைஸ்லயே பிராண்டுக்கு பிராண்ட் ஒரு கிலோ வித்தியாசம் இருக்கும், வீல்ல காசு குடுத்து குறைச்சது டயர்ல திரும்பி வந்துடும்.

நட் விஷயத்துல நான் பட்ட அனுபவத்த சொல்லியே ஆகணும். புது வீல் மாட்டினப்ப கார்ல இருந்த பழைய நட்டயே போடலாம், பொருந்தும்னு மாட்டிக் குடுத்தவர் சொன்னாரு, நானும் நம்பிட்டேன். முதல் செஷன்ல நாலாவது லேப்ல இடது பின்பக்கம் ஒரு நடுக்கம், டயர்ல ரப்பர் ஒட்டியிருக்கும்னு நினைச்சு இன்னொரு லேப் போனேன், நடுக்கம் கூடுச்சு, உள்ள வந்து பாத்தா ரெண்டு நட் கையாலயே சுத்துது. கார் நட்டோட அடிப்பகுதி உருண்டை, புது வீல் ஓட்டையோ கூம்பு வடிவம், ஒரு மெல்லிய கோட்டுல மட்டும் தொட்டுக்கிட்டு இருந்திருக்கு. அன்னிக்கு வீல் கழண்டு போகாதது என் நல்ல நேரம். ஹோண்டா கார் நிறையதுல உருண்டை நட்டுதான் வரும், வெளிய வாங்கற வீல் பெரும்பாலும் 60 டிகிரி கூம்பு, அதனால ரெண்டையும் பக்கத்துல வச்சு கண்ணால பாத்துட்டு மாட்டுங்க. நட்டு இரும்புல இருக்கணும், கலர் கலரா வர்ற அலுமினியம் வேணாம். ஸ்டட் (நட் ஏத்தற போல்ட்) எவ்வளவு தடிமனோ குறைஞ்சது அவ்வளவு நீளத்துக்காவது நட் உள்ள புரி ஏறியிருக்கணும், ஸ்பேசர் (ஹப்புக்கும் வீலுக்கும் நடுவுல வைக்கற தட்டு) போட்டா நீள ஸ்டட் கண்டிப்பா. கார் புக்ல சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச் வச்சு முறுக்குங்க, ஒவ்வொரு செஷனுக்கு முன்னாடியும் ஒரு தடவை செக் பண்ணுங்க.

காத்து ப்ரஷர்தான் காசே செலவில்லாம கிடைக்கற வேகம். என் முதல் ட்ராக் டேல கதவுல ஒட்டியிருந்தபடியே 35 பிஎஸ்ஐ வச்சுட்டு போனேன், மூணாவது லேப்ல இருந்து முன்பக்கம் ஐஸ் மேல போற மாதிரி வழுக்குது, உள்ள வந்து அளந்தா 44. டயருக்குள்ள இருக்கற காத்து சூடாக சூடாக ப்ரஷர் ஏறும், 25 டிகிரில 30 பிஎஸ்ஐ வச்சா உள்காத்து 80 டிகிரி ஆகறப்ப 38 ஆயிடும், அதனால குளிர்ந்த ப்ரஷர் எவ்வளவுங்கறது முக்கியம் இல்ல, சூடான ப்ரஷர் எவ்வளவுல நிக்குதுங்கறதுதான் கணக்கு. அது டயருக்கு டயர் மாறும், கம்பெனியே ட்ராக்குக்குன்னு ஒரு எண் குடுத்திருந்தா அதுல ஆரம்பிங்க. செஷன் முடிஞ்சு பிட்டுக்குள்ள வந்ததும் ஹெல்மெட் கழட்டறதுக்கு முன்னாடி அளங்க, ரெண்டு நிமிஷம் போனாலே எண் மாறிடும். ட்ராக் கடிகார திசையில சுத்தறதா இருந்தா வலது வளைவு நிறைய, இடது டயர் அதிகமா சூடாகும், அதனால இடது பக்கம் ஒண்ணு ரெண்டு பிஎஸ்ஐ கம்மியா வச்சு ஆரம்பிக்க வேண்டி வரும். ஒரு நோட்டுல தேதி, வெயில், குளிர்ந்த எண், சூடான எண் எழுதி வைங்க, ரெண்டு மூணு நாள்ல உங்க காருக்கான எண் உங்களுக்கே தெரிஞ்சிடும்.

டயர் தோள்பட்டைல சின்ன முக்கோணக் குறி இருக்கும், தேய்மானம் அந்த முக்கோண முனை வரைக்கும் வந்தா சரியா இருக்கு, தாண்டி பக்கச்சுவர்ல இறங்கியிருந்தா ப்ரஷர் கம்மி, இல்லன்னா கேம்பர் (வீலோட மேல்பக்கம் உள்பக்கமா சாஞ்சிருக்கற கோணம்) பத்தல. ஊசி குத்தி அளக்கற வெப்பமானி இருந்தா உள்ள, நடு, வெளினு மூணு இடத்துல குத்திப் பாருங்க, நடு மட்டும் சூடா இருந்தா காத்து அதிகம், வெளி ஓரம் ரொம்ப சூடா இருந்தா கேம்பர் கம்மி. கம்பெனி செட்டிங்ல முன்பக்கம் மைனஸ் 1 டிகிரி கூட இருக்காது, அதோட ட்ராக் ஓட்டினா ஒரே நாள்ல வெளி ஓரம் நூல் தெரியற அளவுக்கு போயிடும், மிச்ச பட்டன் எல்லாம் புதுசா இருக்கும். மைனஸ் 2ல இருந்து 3க்குள்ள கொண்டு வர முடிஞ்சா டயருக்கு செலவழிக்கறது நிறைய மிச்சமாகும். திசை அம்புக்குறி போட்ட டயரா இருந்தா ரிம்ல புரட்டி மாட்டி எதிர்ப்பக்கம் போட்டுக்கலாம், வெளி ஓரம் உள்ள போயிடும்.

செமி ஸ்லிக் வாங்கினா முதல் தடவை மெதுவா சூடேத்தி, மெதுவா ஆறவிட்டு, ஒரு நாள் சும்மா வச்சிட்டு அப்புறம் அடிங்க, நீண்ட நாள் வரும். ஒவ்வொரு தடவை சூடாகி ஆறும்போதும் அந்த ரப்பர் கொஞ்சம் இறுகும், அதனால பட்டன் இருக்கறப்பவே கிரிப் போயிடலாம். வெயில் படாத இடத்துல, உறையற குளிர் இல்லாத இடத்துல வைங்க. ட்ராக்குக்கு போறதுக்கு முன்னாடி டயர்லயும் ரிம்லயும் சேத்து ஒரு பெயின்ட் கோடு போட்டு வைங்க, சாயங்காலம் கோடு விலகியிருந்தா பிரேக் அடிக்கறப்ப ரிம்முக்குள்ள டயர் சுத்துதுன்னு தெரியும், பேலன்ஸ் திரும்ப பண்ணணும். வீல கழட்டி உள்பக்கம் நல்லா கழுவி ஸ்போக் அடில, உள் ஓரத்துல முடி மாதிரி விரிசல் ஏதாவது ஓடுதான்னு டார்ச் அடிச்சு பாருங்க. சூடான ப்ரஷர சரியா வைக்க ட்ராக்ல காத்து இறக்கியிருப்பீங்க இல்லையா, டயர் ஆறினதும் 26, 27னு விழுந்து கிடக்கும், அதே டயர்ல வீட்டுக்கு ஓட்டறதா இருந்தா கிளம்பறதுக்கு முன்னாடி திரும்ப ரோட்டு அளவுக்கு அடிச்சிட்டு, நட்ட இன்னொரு தடவை முறுக்கிப் பாத்துட்டு கிளம்புங்க.